பாம்பு நஞ்சிலிருந்து புளித்த பால் வரை: இரத்த அழுத்தப் பெப்டைடுகளின் வரலாறு

ஐசோலூசின், புரோலின், புரோலின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் இவ்வரிசையில் கோத்து அமைந்த சிறு பெப்டைடு ஒன்று உண்டு. ஆய்வுலகில் அதனை ஐ.பி.பி. என்பர். 1995ஆம் ஆண்டில் ஜப்பானின் கல்பிஸ் நிறுவன ஆய்வாளர்கள் புளிக்கவைத்த பாலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கவல்ல உணவுக்கூறு என்று அறிவித்தனர். அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, பிரேசில் நாட்டுக் குழிவிரியன் ஒன்றின் நஞ்சிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்று கண்டறியப்பட்டிருந்தது. அதன் வாற்பகுதியில் நிற்கும் கடைசி மூன்றும் ஐசோலூசின், புரோலின், புரோலினே.

பாலுக்கும் பாம்பு நஞ்சுக்கும் இடையிலான இந்த ஒற்றுமை வியப்பூட்டுவது. ஆனால் விளங்காத புதிரன்று. இரண்டும் ஒரே நொதிக்கு எதிராக, ஒரே வகை அளவுகோலைக் கொண்டு தேடப்பட்டவை. உணவுப் பெப்டைடுகள் பற்றிய ஆய்வேடுகளின் முதல் இயலில் இந்த முன்வரலாறு பெரும்பாலும் ஒரு பத்தியில் கடந்து போகிறது. அதனைச் சற்று விரித்துப் படித்தால், இத்துறை எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே தன் அளவுகோலை மீறிப் பேசுகிறது என்பது தெளிவாகும். இப்பதிவின் நோக்கம் அதுவே.

முதலில் 'பெப்டைடு' என்னும் சொல்லைப் பார்ப்போம். மொழியியல் பயின்றவர்க்குப் பொருளுக்கு முன் பெயர் கண்ணில் படுவது இயல்பு. 1902 செப்டம்பரில் கார்ல்ஸ்பாத் நகரில் நடந்த ஜெர்மானிய அறிவியலாளர் மாநாட்டில், ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டரும் எமில் ஃபிஷரும் ஒரே நாளில், தனித்தனி உரைகளில், புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட பிணைப்பால் தொடுக்கப்பட்ட சங்கிலி என்னும் கருத்தை முன்வைத்தனர். 'பெப்டைடு' என்ற பெயர் ஃபிஷருடையது. இரைப்பை நொதியால் சிதைந்த புரதத்துக்கு அதற்கு முன்பே 'பெப்டோன்' என்ற பெயர் வழங்கியது. அதன் வேர், 'செரிக்கப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆக, பெப்டைடு என்றாலே பெயரளவில் செரித்த பொருள். செரித்தபின் எஞ்சுவது எது, மேலும் செரியாமல் இரத்தத்தை எட்டுவது எது என்ற வினா இத்துறையின் பெயரிலேயே உறைந்து கிடக்கிறது.

இரத்த அழுத்தத்தின் பக்கக் கதை 1898இல் தொடங்குகிறது. ஃபின்லாந்தில் பிறந்த ராபர்ட் டிகர்ஸ்டெட், தம் மாணவர் பெர் பெர்க்மனுடன் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பணியாற்றியபோது, முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலின் குருதிக்குள் செலுத்த, அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பொருளுக்கு 'ரெனின்' எனப் பெயரிட்டனர். பிறகு நெடுங்காலம் எவரும் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டியபின்தான் ரெனின் மீண்டும் பேசுபொருளாயிற்று.

அடுத்த கட்டம் இரு கண்டங்களில் ஒரே காலத்தில் நிகழ்ந்தது. புவனோஸ் ஐரிஸில் எடுவார்தோ பிரவுன் மெனெந்தெஸ், ஃபசியோலோ, லெலோய்ர், முன்யோஸ் முதலியோர் அடங்கிய குழுவும், இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ், ஆஸ்கர் ஹெல்மர் இருவரும், 1939–40இல் ஒரே உண்மையை எட்டினர். ரெனின் தானே அழுத்தத்தை உயர்த்துவதில்லை. அது ஒரு நொதி. இரத்தத்திலுள்ள புரதமொன்றை வெட்டி வேறொரு பொருளை விடுவிக்கிறது. அப்பொருளே இரத்தநாளங்களைச் சுருக்குகிறது. அர்ஜென்டினர் அதற்கு 'ஹிப்பர்டென்சின்' என்றும், அமெரிக்கர் 'ஆஞ்சியோடோனின்' என்றும் பெயர் சூட்டினர். இரு பெயர்களும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன. ஒரே பொருளைப் பற்றிய கட்டுரைகள் இரு பெயர்களின்கீழ் அடுக்கப்பட்டன. எந்தப் பெயரை ஆள்கிறார் என்பதைக் கொண்டே ஆய்வாளர் எந்த முகாமினர் என்று அறிய முடிந்தது. 1958இல் பிரவுன் மெனெந்தெஸும் பேஜும் கூட்டாக ஒரு குறிப்பு எழுதி, ஒரு பெயரின் தலையையும் மற்றதன் வாலையும் இணைத்து 'ஆஞ்சியோடென்சின்' என்ற சொல்லை முன்மொழிந்தனர். கலைச்சொல்லாக்கத்தின் வரலாற்றில் இத்தகைய நயமான உடன்படிக்கை அரிது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே பிரவுன் மெனெந்தெஸ் வானூர்தி விபத்தில் இறந்துபோனார் என்பதை நினைக்கையில், அந்த ஒட்டுச்சொல் ஒரு நினைவுச்சின்னம் போலவும் தோன்றுகிறது.

இதற்கிடையே, 1950களின் நடுவில் லெனார்ட் ஸ்கெக்ஸும் அவர்தம் குழுவினரும் ஆஞ்சியோடென்சினுக்கு இரு வடிவங்கள் உண்டெனக் காட்டினர். பத்து அமினோ அமிலங்கள் கொண்ட முதல் வடிவம் செயலற்றது. அதன் நுனியிலுள்ள ஹிஸ்டிடின், லூசின் இரண்டையும் ஒரு நொதி வெட்டி நீக்கினால், எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட வலிய இரண்டாம் வடிவம் பிறக்கிறது. குதிரையின் குருதி நீர்மத்தில் 1956இல் கண்டறியப்பட்ட அந்நொதியே ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் இதனைச் சுற்றியே வரும்; சுருக்கமாக 'மாற்று நொதி' என்கிறேன்.

பாம்பு இங்கே நுழைகிறது. சாவோ பாவ்லோவில் மவ்ரீசியோ ரோஷா இ சில்வா, வில்சன் பெரால்தோ, கஸ்தாவோ ரோசன்ஃபெல்ட் ஆகிய மூவர், ஜராராக்கா என்னும் குழிவிரியனின் நஞ்சை நாயின் இரத்தத்துடன் கலந்தபோது புதிய பொருளொன்று விடுபடுவதைக் கண்டு, 1949இல் வெளியிட்டனர். அது கினிப்பன்றியின் குடற்றுண்டை மெல்ல மெல்லச் சுருக்கியது. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தியது. 'மெல்ல', 'அசைவு' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'பிராடிகினின்' என்றனர். அதே மரபில் பயின்ற செர்ஜியோ ஃபெரெய்ரா, ரிபெய்ராவ் பிரெத்தோ நகரில், அந்நஞ்சிலேயே பிராடிகினினின் செயலை மிகுவிக்கும் கூறு ஒன்று உண்டென 1965இல் காட்டினார். பிராடிகினினைச் சிதைக்கும் நொதியை அக்கூறு முடக்குகிறது என்பது அதன் விளக்கம். அந்தக் கூற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு அவர் இலண்டனுக்கு, ஜான் வேனின் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கே மிக் பாக்லே அதனை மாற்று நொதியின்மேல் சோதித்து, அதுவும் முடங்குவதை 1968இல் வெளியிட்டார். பிராடிகினினைச் சிதைப்பதும் ஆஞ்சியோடென்சினை வலிமையாக்குவதும் ஒரே நொதி எனப் பின்னர் உறுதியாயிற்று. அழுத்தத்தைத் தாழ்த்துவதை அழித்து, உயர்த்துவதை ஆக்கும் நொதி. அதை முடக்கினால் இரட்டைப் பயன்.

அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்து நிறுவனத்தில் மிகெல் ஒன்டெட்டியும் டேவிட் குஷ்மனும் நஞ்சின் பெப்டைடுகளைப் பிரித்து, ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றைத் தேர்ந்து, 1971இல் அதன் அமைப்பையும் செயற்கை ஆக்கத்தையும் வெளியிட்டனர். 'டெப்ரோடைடு' எனப் பெயர்பெற்ற அதன் வாலில்தான் நம் ஐ.பி.பி. நிற்கிறது. நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அழுத்தம் இறங்கியது. எனினும் டெப்ரோடைடு மருந்துக்கடைக்கு வரவேயில்லை. வாயால் உட்கொண்டால் அது பயன்படாது. ஊசியால் மட்டுமே செலுத்த முடியும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் எடுக்கவேண்டிய மருந்து ஊசியாக இருத்தல் இயலாது. எனவே ஒன்டெட்டியும் குஷ்மனும் பெப்டைடையே கைவிட்டனர். பெப்டைடு எந்த இடத்தில் நொதியைப் பற்றுகிறதோ அந்த வடிவத்தை மட்டும் கருதி, புரோலினை ஒரு முனையில் வைத்து, துத்தநாகத்தைக் கவ்வும் கந்தகத்தை மறுமுனையில் வைத்து, சிறிய மூலக்கூறு ஒன்றைக் கட்டினர். 1977இல் அறிவிக்கப்பட்டு 1981இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற கேப்டோபிரில் அதுவே. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் எனாலாபிரில் அதன் வழித்தோன்றல். (பிரேசிலின் பாம்பும் பிரேசிலின் ஆய்வும் தந்த மருந்தின் வருவாய் எந்நாட்டுக்குச் சென்றது என்பது அங்கே இன்றும் ஆறாத வடு. அது தனிப் பதிவுக்குரியது.)

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். மருந்தியல் 1970களில் பெப்டைடைக் கைவிட்டதற்குக் காரணம், அது வாய்வழியே செல்லாமை. உணவறிவியல் அதே பத்தாண்டின் இறுதியில் அதே பெப்டைடுகளை, வாய்வழியே மட்டும் செல்லக்கூடிய உணவில் தேடத் தொடங்கியது. இந்த முரணை எவரும் அன்று உரக்கக் கூறியதாகத் தெரியவில்லை. தேடலைச் சாத்தியமாக்கியது ஒரு கருவி.

1971இல் குஷ்மனும் அவருடைய சக ஆய்வாளர் சியுங்கும் மாற்று நொதியின் செயலை அளக்க எளிய முறையொன்றை வகுத்தனர். முயலின் நுரையீரலிலிருந்து நொதி எடுக்கப்படும். அதற்கு இரையாக ஹிப்பூரில்–ஹிஸ்டிடில்–லூசின் என்னும் செயற்கைப் பொருள் இடப்படும். நொதி வழக்கம்போல் நுனியின் இரு அமினோ அமிலங்களை வெட்ட, ஹிப்பூரிக் அமிலம் விடுபடும். அதனை எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து, 228 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சுதலைக் கணக்கிட்டால் நொதி எவ்வளவு வேலை செய்தது என்பது எண்ணாகக் கிடைத்துவிடும். (ஹிப்பூரிக் என்பதில் குதிரையும் சிறுநீரும் கிரேக்கத்தில் ஒளிந்துள்ளன, லீபிக் அதனை முதலில் குதிரையின் சிறுநீரில் கண்டார். முயலும் குதிரையும் இவ்வரலாற்றை விட்டு நீங்குவதேயில்லை.) மருந்து நிறுவனத்தின் தேவைக்காகப் பிறந்த இம்முறை மலிவானது, விரைவானது. ஒளிமானி ஒன்று இருந்தால் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். எதையும் இதிலிட்டுப் பார்க்கலாம்: ஜெலட்டின், பால், மீன், பயறு, தவிடு. நொதியின் வேகத்தைப் பாதியாக்கத் தேவைப்படும் செறிவை 'ஐ.சி.50' என்று குறிப்பர். இத்துறையின் நாணயம் அதுவே. எண் சிறிதாக இருந்தால் பெப்டைடு வலியது.

உணவுப் புரதத்திலிருந்து கிடைத்த முதல் தடுப்புப் பெப்டைடுகளை 1979இல் ஓஷிமா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள், ஜெலட்டினை நுண்ணுயிர் நொதியால் சிதைத்துப் பெற்றனர். 1982இல் மருயாமாவும் சுசுகியும் பாற்புரதமான கேசினை டிரிப்சினால் வெட்டி, பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றைப் பிரித்தனர். பாலை உயிர்ச்செயலுடைய பெப்டைடுகளின் கருவூலமாகக் காணும் பார்வைக்கு அதற்கும் மூத்த வேர் உண்டு. சுவீடனின் மெல்லாண்டர் 1950லேயே, கேசினிலிருந்து வரும் பாஸ்பரஸ் ஏந்திய பெப்டைடுகள் என்பு நோயுற்ற குழந்தைகளில் சுண்ணச்சத்தின் படிவை மேம்படுத்துவதாக எழுதியிருந்தார். 1979இல் கேசினில் அபினின் சாயலுடைய பெப்டைடு காணப்பட்டு 'காசோமார்பின்' எனப் பெயர்பெற்றது.

கல்பிஸின் கதை இந்தியர்க்குத் தனிச் சுவையுடையது. ஓசாக்கா அருகே பௌத்தக் கோயிற் குடும்பமொன்றில் பிறந்த மிஷிமா கைவுன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவிலும் உள் மங்கோலியாவிலும் வாழ்ந்தபோது, அங்குள்ள மேய்ச்சல் மக்களின் புளித்த பாலை உண்டு உடல்நலம் தேறியதாக நம்பினார். நாடு திரும்பியபின் 1919 ஜூலை 7 அன்று தம் பானத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். பெயரின் முற்பாதி கால்சியம். பிற்பாதி வடமொழிச் சொல்லான 'சர்பிஸ்', அதாவது நெய். பௌத்த மரபு பாலின் பக்குவங்களை ஐந்து சுவைகளாக அடுக்கும்: பால், தயிர், வெண்ணெய், நெய், நெய்யின் சாரமான 'சர்பிர்மண்டம்'. உச்சியில் நிற்பது கடைசிச் சுவையே ஆயினும், ஒலிநயம் கருதி அதற்கு முந்தையதான சர்பிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அந்நிறுவனமே தன் வரலாற்றில் கூறிக்கொள்கிறது. வடமொழி வல்லார் ஒருவரையும் இசையமைப்பாளர் ஒருவரையும் கலந்துகொண்டு பானத்துக்குப் பெயரிட்ட வணிகர் வேறெவரேனும் உண்டோ, அறியேன்.

இதில் மற்றொரு சிறு நயம். பாம்பைக் குறிக்கும் 'சர்ப்பம்', நெய்யைக் குறிக்கும் 'சர்பிஸ்' இரண்டும் ஒரே வேரினவாய்க் காதுக்குப் படும். ஒப்பியல் மொழியியலார் அவ்வாறு கொள்வதில்லை. சர்ப்பம் 'ஊர்தல்' என்னும் வேரினது. இலத்தீனின் பாம்புப் பெயரும் அவ்வேரே. சர்பிஸோ 'கொழுப்பு' என்னும் பிறிதொரு வேரினது. ஜெர்மானிய மொழிகளில் களிம்பைக் குறிக்கும் சொல்லும், அல்பானியத்தில் வெண்ணெயைக் குறிக்கும் சொல்லும் அதன் உறவினர். சொற்கள் ஒலியில் ஒத்து வேரில் பிரிய, மூலக்கூறுகள் வேரில் பிரிந்து வடிவில் ஒத்தன!

லாக்டோபசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் என்னும் நுண்ணுயிரும் ஈஸ்ட்டும் சேர்ந்து பாலைப் புளிக்கவைக்கையில், கேசின் சிதைந்து, ஐ.பி.பி.யும் அதன் உடன்பிறப்பான வேலின்–புரோலின்–புரோலினும் விடுபடுகின்றன. 1995இல் நகமுரா முதலியோர் வெளியிட்ட ஐ.சி.50 மதிப்புகள் முறையே 5, 9 மைக்ரோமோல். கேப்டோபிரிலுக்கு அது ஏறத்தாழ 0.02. அதாவது மருந்தைவிடச் சில நூறு மடங்கு மெலிந்தவை. எனினும், கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் 1963இல் உருவாக்கிய, பிறவியிலேயே உயர் அழுத்தமுடைய எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது அழுத்தம் இறங்கியது. 1996இல் ஹாட்டா முதலியோர் முதியோர் முப்பதின்மரிடம், நாளொன்றுக்கு 95 மில்லிலிட்டர் புளித்த பாலை எட்டு வாரம் கொடுத்து, சுருக்க அழுத்தம் 14 மி.மீ. பாதரச அளவு குறைந்ததாக வெளியிட்டனர். ஒரு குவளைக்கும் குறைவான பானத்துக்கு அது நம்பற்கரிய இறக்கம். அதிலேயே அடுத்தடுத்த ஐயங்களின் விதையும் இருந்தது.

ஜப்பான் 1991இல் 'குறிப்பிட்ட உடல்நலப் பயனுடைய உணவு' என்னும் சட்ட வகையை உருவாக்கியிருந்தது. உணவுக்கும் மருந்துக்கும் இடையே ஒரு மூன்றாம் அறையைக் கட்டிய முதல் நாடு அதுவே. கல்பிஸின் 'அமீல் எஸ்' பானம் 1997இல் அவ்வறைக்குள் நுழைந்தது. அதன் சிட்டையின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. 'உயர் இரத்த அழுத்த நோயாளிக்கு' என்று அது கூறாது, கூறவும் கூடாது. 'இரத்த அழுத்தம் தகமே ஆனவர்க்கு' என்கிறது. 'தகய்' என்றால் உயர்ந்த. 'மே' என்னும் ஒட்டு அதனைச் 'சற்று உயர்வான பக்கமுள்ள' என்று மென்மையாக்குகிறது. ஓர் ஒட்டுருபின் தோளில் ஒரு தொழில்துறையே நின்றது. நோயாளி என்று அழைக்கப்படாதவர்க்கு மருந்து என்று அழைக்கப்படாத பொருளை விற்க அந்த ஒட்டு போதுமானதாயிற்று.

அதே காலத்தில் மத்தி மீனிலிருந்து வேலின்–டைரோசினும், கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த சூரை மீனிலிருந்து வேறு பெப்டைடுகளும் வந்தன. தென் தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் மாசிக் கருவாடு இந்தக் கட்சுவோபுஷியின் நெருங்கிய உறவு, மீன் ஒன்றே. அப்பெப்டைடுகளுள் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றை மாற்று நொதியே வெட்டி, தன்னை இன்னும் வலிதாக முடக்கும் மூன்றமிலத் துண்டாக மாற்றிவிடுகிறது. தன் தளையைத் தானே பின்னும் நொதி! வேதியியல் அழகு என்ற முறையில் இத்துறையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுவென்றே கருதுகிறேன்.

ஐரோப்பாவுக்கு இப்பெப்டைடுகளை முதலில் கொண்டுசென்ற நாடுகளுள் ஒன்று டிகர்ஸ்டெட்டின் ஃபின்லாந்து. வாலியோ பால் நிறுவனம் 'எவோலஸ்' என்னும் புளித்த பாலை விற்றது. 2003இல் வெளிவந்த 21 வார ஆய்வொன்றில், 39 பேரிடம், ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுருக்க அழுத்தம் 6.7 மி.மீ. கூடுதலாக இறங்கியது. பிறகு நெதர்லாந்தில் எங்பெரிங்க் முதலியோர், மருந்து எடுக்காத 135 பேரிடம் எட்டு வாரம் இரட்டை மறைப்பு முறையில் ஆராய்ந்து, 2008இல் எந்த விளைவும் இல்லை என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டனர். தொகுப்பாய்வுகள் இரண்டுக்கும் நடுவே நின்றன. 2011இல் சிசெரோ முதலியோர் செய்த தொகுப்பில் மொத்த இறக்கம் 3.7 மி.மீ.; ஆனால் பிரித்துப் பார்த்தால் ஆசியரிடம் 6.9, ஐரோப்பியரிடம் 1.2 மட்டுமே. இவ்வேறுபாட்டுக்கு மரபணு, உப்பு, உணவுப் பழக்கம் எனப் பல விளக்கங்கள் உண்டு. சிறிய ஆய்வுகளே பெரிய விளைவைக் காட்டின, அவற்றுட் பல உற்பத்தியாளரோடு தொடர்புடையவை என்னும் விளக்கமும் உண்டு; பின்னதையே நான் முதலில் வைப்பேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008க்கும் 2012க்கும் இடையே இவை குறித்த உரிமைக்கூற்றுகளைப் பலமுறை பரிசீலித்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது. ஒரே மூலக்கூறு ஜப்பானில் அரசு முத்திரை பெற்ற பயன். ஐரோப்பாவில் நிறுவப்படாத கூற்று.

இனி, அளவுகோலின் சிக்கலுக்கு வருவோம். 2007இல் ஃபோல்ட்ஸ் முதலியோர், இப்பெப்டைடுகள் செறிந்த தயிர்ப் பானத்தை மனிதர்க்குக் கொடுத்து, பின் அவர்தம் இரத்தத்தில் ஐ.பி.பி.யை அளந்தனர். அது சிதையாமல் இரத்தத்தை எட்டியது. இது முக்கியமான வெற்றி. ஆனால் எட்டிய உச்ச அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 900 பைகோமோல். சோதனைக்குழாயில் நொதியைப் பாதி முடக்கத் தேவைப்பட்டதோ 5 மைக்ரோமோல், அதாவது 50 இலட்சம் பைகோமோல். ஐயாயிரம் மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி! இரத்தத்தில் அவ்வளவு நீர்த்த நிலையில் அது மாற்று நொதியை முடக்கித்தான் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று கூறுவது, ஒரு குடம் நீரில் ஒரு கல் உப்பிட்டுவிட்டுக் கரிக்கிறது என்பதை ஒக்கும்.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் கூறவேண்டும். புரோலின் இரட்டையாக நிற்கும் குறும்பெப்டைடுகளைச் செரிமான நொதிகள் எளிதில் வெட்டுவதில்லை. ஈரமில, மூவமிலப் பெப்டைடுகளை முழுதாக உள்ளிழுக்கும் கடத்திப் புரதம் குடற்சுவரில் உண்டு. இரத்தத்தில் குறைவாக இருப்பினும் திசுக்களில் தங்கிச் சேரலாம். இரத்தநாளச் சுவரின் வேறு வழிகளில் செயற்படலாம். இவை வெற்றுச் சமாதானங்கள் அல்ல. ஆனால் இவற்றை ஏற்றால், ஐ.சி.50 என்னும் எண்ணைக் கொண்டு பெப்டைடுகளைத் தரவரிசைப்படுத்துவதன் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. செயல் வேறு வழியில் நிகழ்கிறதென்றால், மாற்று நொதிச் சோதனை எதை அளக்கிறது? ஃபோல்ட்ஸும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2010இல் இக்கேள்வியைத் தயவு தாட்சணியமின்றி எழுப்பினர். தேடலின் வேகம் அதனால் குறையவில்லை.

இந்தியாவில் இது வெறும் கல்விப்புல வழக்கன்று. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். தேசிய ஆய்வின்படி, நம் வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அதே நாட்டில்தான் பாசிப்பயறு, எருமைப்பால், அரிசித் தவிடு, சிறுதானியம் எனப் புதுப்புது மூலங்களிலிருந்து தடுப்புப் பெப்டைடுகள் பற்றிய கட்டுரைகள் குவிகின்றன. சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட அழுத்தக்குறைப்புப் பெப்டைடுத் தரவுத்தளத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம் பதிவுகள். தனித்தன்மையுடைய பெப்டைடுகள் ஆயிரத்து எழுநூறு அளவில். தொகுப்பென்ற முறையில் அது மதிப்புமிக்க உழைப்பு. ஆனால் அந்த ஆயிரத்து எழுநூற்றுள் மனித இரத்தத்தில் அளந்து பார்க்கப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெரும்பாலான ஆய்வேடுகள் ஒளிமானியின் எண்ணிலும், கணினியில் பெப்டைடை நொதிக்குள் பொருத்திக் காட்டும் வண்ணப் படத்திலும் முடிந்துவிடுகின்றன. முடிவுரையிலோ, 'மருந்துக்கு மாற்றாகும் வாய்ப்புடையது' என்ற தொடர் தவறாது இடம்பெறுகிறது. அத்தொடர் செய்தித்தாளுக்குப் போகிறது, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு. அதைப் படித்துவிட்டு எனாலாபிரிலை நிறுத்துபவர் ஆய்வேட்டின் வரையறைப் பகுதியைப் படித்திருக்க மாட்டார். உயர் அழுத்தம் உடையவர்களிடம் 1997இன் டாஷ் உணவுமுறை ஆய்வு 11 மி.மீ. இறக்கத்தைக் காட்டியது: காய், கனி, கொழுப்பு குறைந்த பால். அதில் எந்தப் பெப்டைடையும் எவரும் பிரித்தெடுக்கவில்லை, காப்புரிமையும் இல்லை. தயிர் நல்லதென்று கூற அறிவியல் தடையில்லை. தயிரிலுள்ள இம்மூலக்கூறு இவ்வழியாக இவ்வளவு குறைக்கிறது என்று கூறுவதற்குத்தான் சான்று வேண்டும்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு இதில் நடைமுறைக் கேள்வி ஒன்றுண்டு. நான்கு ஆண்டுகளில், வரையறுத்த நிதியில், மனித ஆய்வு செய்ய இயலாது என்பது உண்மை. ஆனால் செரிமானத்தைப் போன்மைப்படுத்தி, எஞ்சும் பெப்டைடு எவ்வளவு என்று அளக்க இயலும். குடற்செல் படலத்தைக் கடப்பது எவ்வளவு என்று அளக்க இயலும். இவ்விரு எண்களையும் ஐ.சி.50க்கு அருகில் அதே அட்டவணையில் இட்டால், படிப்பவரே இடைவெளியைக் கண்டுகொள்வார். அட்டவணையில் ஒரு பத்தி கூடுவதால் முடிவுரையின் ஒரு தொடர் மாறிவிடும்.

சட்டமும் இம்மூலக்கூறுகளைச் சுற்றித் தடுமாறுவதை அண்மையில் கண்டோம். 2024 ஆகஸ்டு 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பால்பொருள்களின் சிட்டையிலிருந்து ஏ1, ஏ2 என்னும் குறிப்புகளை நீக்குமாறு ஆணையிட்டது. 26ஆம் தேதி அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. ஏ1, ஏ2 இரண்டையும் பிரிப்பது பீட்டா கேசின் சங்கிலியின் 67ஆம் இடத்திலுள்ள ஒரே அமினோ அமிலம்: ஒன்றில் ஹிஸ்டிடின், மற்றதில் புரோலின். அந்த இடத்தில் சங்கிலி வெட்டுப்பட்டால் காசோமார்பின் பிறக்கும் என்பதும், அதனால் ஏ1 பால் தீங்கு என்பதும் வணிகரின் வாதம். ஐரோப்பிய ஆணையம் 2009இல் அத்தீங்குக்கும் சான்று போதாதென்றது. அதே சங்கிலியில் ஏழு இடம் தள்ளி, 74 முதல் 76 வரை நிற்பதுதான் நம் ஐ.பி.பி. இன்று கடையலமாரியில், அச்சங்கிலியின் ஓரிடத்தைக் காட்டி அச்சமூட்டும் சிட்டையும், ஏழு இடம் தள்ளி நலம் கூறும் சிட்டையும் அருகருகே இருக்கலாம். இரண்டுக்கும் பால் ஒன்றே.